வரலாற்று நாவலைப் பரிந்துரைத்தல்: சான்றின் குறையும் வாசகரின் வயதும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழில் வரலாற்று நாவல்களைப் பரிந்துரைப்போர் நடையின் எளிமை, பக்க அளவு, வாசகரின் வயது ஆகியவற்றையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கின்றனர். ஒவ்வொரு வரலாற்றுச் சான்றும் தனக்கே உரிய குறையொன்றை உடையது. கல்வெட்டு பலவற்றைச் சொல்லாது விடுகிறது. நாட்குறிப்பு ஒருவர் கண்ணால் மட்டுமே காண்கிறது. காவல்துறைப் பதிவேடு தான் பதிவுசெய்யும் மக்களையே பகையாகக் கருதுகிறது. இக்குறையை நாவல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே பரிந்துரையின் முதல் அளவுகோலாக வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது. பொன்னியின் செல்வன், வேங்கையின் மைந்தன், மானுடம் வெல்லும், வானம் வசப்படும், காவல் கோட்டம், அஞ்ஞாடி ஆகியவை இந்நோக்கில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வரலாற்று நாவல், பரிந்துரை, உடையார்குடிக் கல்வெட்டு, கல்கி, பதின்பருவ வாசகர், ஆவணம்.

முன்னுரை

எந்த வரலாற்று நாவலை முதலில் படிப்பது என்னும் வினாவை வகுப்பறையில் எதிர்கொள்ளாத தமிழாசிரியர் அரியர். அவ்வினாவிற்கான விடையும் பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கிறது. கல்கியில் தொடங்க வேண்டும், பின்னர்ச் சாண்டில்யன், ஆர்வம் நிலைத்தால் அகிலன், நா. பார்த்தசாரதி, வயது முதிர்ந்தபின் பிரபஞ்சன், சு. வெங்கடேசன், பூமணி. நூலகப் பட்டியல்களும் புத்தகக் காட்சியின் அடுக்குகளும் ஏறத்தாழ இந்நிரலையே காட்டுகின்றன. பொன்னியின் செல்வனைத் தழுவிய இரு திரைப்படங்கள் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தபின், இந்நிரலின் முதற்படி மேலும் உறுதிப்பட்டது.

பரிந்துரை என்பது திறனாய்வாகக் கருதப்படுவதில்லை. அது நூலகரின் பணியாகவோ நண்பரின் உதவியாகவோ எண்ணப்பட்டு ஒதுக்கப்படுகிறது. ஆயின், ஒரு நூலை இளையவர் கையில் கொடுப்பவர் அந்நூல் பற்றிய தம் மதிப்பீட்டை அச்செயலிலேயே வெளியிட்டுவிடுகிறார். வரலாற்று நாவலில் இச்செயலின் விளைவு சற்றுக் கூடுதலானது. சமூக நாவலைப் படிக்கும் மாணவர் தம் சுற்றுப்புறத்தைக் கொண்டு அதனைச் சரிபார்த்துக்கொள்ள இயலும். பத்தாம் நூற்றாண்டைச் சரிபார்க்க அவரிடம் எதுவும் இல்லை. ஆகவே நந்தினியும் குந்தவையும் ஒரே அளவில் உண்மையானவர்களாக அவர் மனத்தில் பதிகின்றனர். சோழர் வரலாற்றில் ஆய்வு செய்ய முன்வரும் மாணவரிடம் இப்பதிவின் தடத்தைக் காண்பது நெறியாளர்க்குப் புதிதன்று.

‘நாவல் நாவலே, அதில் வரலாற்றைத் தேடுவது வாசகரின் பிழை’ என இதற்கு மறுமொழி கூறப்படுவதுண்டு. இம்மறுமொழி பாதியளவே செல்லும். கல்கி தம் கதையினிடையே கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் சுட்டிச் செல்கிறார். வரலாற்றாசிரியர்களின் நூல்களைத் துணையாகக் கொள்கிறார். சான்றுண்டு எனச் சொல்லி வாசகரின் நம்பிக்கையைப் பெறும் நூலை அச்சான்றோடு ஒப்பிடுவது முறையே ஆகும்.

தொடர்கதை வகுத்த நிரல்

தமிழின் முதல் வரலாற்று நாவலாகக் கருதப்படும் மோகனாங்கி 1895இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை; பெண் விடுதலையைப் பேசிய தத்தைவிடு தூது என்னும் செய்யுள் நூலின் ஆசிரியரும் அவரே. நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அந்நாவல் இன்று இலக்கிய வரலாற்று நூல்களில் ஒரு வரியாக மட்டும் எஞ்சியுள்ளது. பரிந்துரை நிரலில் அதற்கு இடமில்லை. அது வார இதழில் வளர்ந்த கதையன்று என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

இன்றைய நிரலை உருவாக்கியவை இதழ்களே. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன் ஆகிய மூன்றும் 1941 முதல் 1954 வரையிலான காலப்பகுதியில் கல்கி இதழில் தொடர்ந்து வெளிவந்தவை. சாண்டில்யனின் கடல் புறா, யவன ராணி போன்றவை குமுதத்தின் வழியே பெருவாரியான வாசகரை அடைந்தன. வாரந்தோறும் ஒரு திருப்பம், இயலின் இறுதியில் ஓர் ஐயம், மணியத்தின் ஓவியம் என வளர்ந்த இக்கதைகள் குடும்பம் முழுவதும் படிப்பதற்கென எழுதப்பட்டவை. பதின்பருவத்தினர்க்கெனத் தனியே எவரும் எழுதவில்லை. வீட்டிற்கு வந்த இதழை அவர்களும் படித்தனர். பின்னாளில் ‘எளியது, ஆகவே இளையோர்க்கு’ என வகைப்படுத்தப்பட்டது இப்பழக்கத்தின் எச்சமே ஆகும்.

இதன் விளைவாகத் தமிழ் இளைஞர் முதலில் சந்திக்கும் வரலாறு பல்லவ, சோழ அரண்மனைகளின் வரலாறாக அமைந்துவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகள், அதாவது அவருடைய ஊரும் நிலவுடைமையும் சாதியுறவும் இன்றைய வடிவைப் பெற்ற காலம், வயது வந்தோர்க்கான கடினப் படிப்பாக ஒதுக்கப்படுகிறது. அருகிலுள்ள காலம் கடினமானதாகவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது எளியதாகவும் தோன்றுவது விந்தையே.

உடையார்குடிக் கல்வெட்டும் பொன்னியின் செல்வனும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டொன்று பொன்னியின் செல்வனின் மையச் சிக்கலுக்கு அடிப்படையானது. இராசகேசரிவர்மனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அதனை முதலாம் இராசராசனின் கல்வெட்டாக அறிஞர் கொள்வர். நீலகண்ட சாஸ்திரியார் அதனை எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிசோழ பிரமாதிராசன் ஆகியோரை அது குறிக்கிறது. அவர்களுடைய உடைமைகளோடு அவர்தம் உறவினர் உடைமைகளையும் கைப்பற்றுமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு அரசாணை செல்கிறது. கல்வெட்டின் நேரடி நோக்கம் கொலையை விளக்குவதன்று. அவ்வாறு வந்த நிலத்தை ஒருவர் விலைகொண்டு அறத்திற்கு அளித்ததைப் பதிவதே அதன் நோக்கம். கொலை பற்றிய செய்தி அந்நில ஆவணத்தின் முகப்பில் போகிற போக்கில் வருகிறது.

இச்சான்று சொல்லாதவை பல. கொலை எங்கு நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, யாருக்காக நிகழ்ந்தது என்பன அதில் இல்லை. கொலைக்கும் இக்கல்வெட்டிற்கும் இடையே 15 ஆண்டுகளுக்கும் மேல் கழிந்துள்ளன. அவற்றுள் பெரும்பகுதி உத்தமசோழனின் ஆட்சிக்காலம். திருவாலங்காட்டுச் செப்பேடு, சிறிய தந்தைக்கு ஆட்சியில் விருப்பம் உள்ளவரை அருள்மொழி அரியணையை விரும்பவில்லை என்ற பொருள்படப் பேசுகிறது. இவ்விரண்டையும் இணைத்து உத்தமசோழனுக்குக் கொலையில் தொடர்பிருக்கலாம் என நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதியில் (1949) அவ்வையத்தை ஏற்க மறுத்தார். கல்கி தொடரைத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. அறிஞரிடையே சூடு தணியாத ஒரு வழக்கையே அவர் கதைப்பொருளாக எடுத்துக்கொண்டார்.

அவ்வழக்கைக் கல்கி கையாண்ட விதம் வகுப்பறையில் உரிய கவனம் பெறவில்லை. உத்தமசோழன் குற்றவாளியா, குற்றமற்றவனா என்னும் வினாவிற்கு அவர் அளித்த விடை, அவனை இருவராகப் பிரித்ததே. அரியணைக்கு ஆசைப்படுபவனும் சதியாளரோடு உறவாடுபவனுமான மதுராந்தகன் ஒருவன். செம்பியன் மாதேவியின் மெய்யான மகனாக வெளிப்பட்டு, ஆட்சி தேடி வந்தபோதும் தயங்கும் பூக்காரச் சேந்தன் அமுதன் மற்றொருவன். சாஸ்திரியாரின் ஐயம் முன்னவன்மேல் இறங்குகிறது. பண்டாரத்தாரின் மறுப்பு பின்னவனிடம் நிறைவேறுகிறது. குழந்தை மாற்றம் என்னும் பழைய கதை உத்தி இங்கே வரலாற்று விவாதமொன்றைத் தீர்க்கும் கருவியாகியுள்ளது. இதனை மலிவான திருப்பம் எனக் குறை கூறிய வாசகர் உண்டு. சான்றோடு ஒப்பிட்டுப் படிக்கும்போது, நாவலின் மிக நுட்பமான சிந்தனை அவ்விடத்திலேயே நிகழ்வது புலனாகும்.

கொலை நிகழும் கடம்பூர் மாளிகைக் காட்சியும் இவ்வாறே நோக்கத்தக்கது. விளக்கணைந்த அறையில், பலர் சூழ்ந்திருக்க, ஆதித்த கரிகாலன் வீழ்கிறான். எவர் கை அதனைச் செய்தது என்பது ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லப்படவில்லை. மர்மத்தை அவிழ்த்துக் காட்டுவது தொடர்கதையின் இலக்கணம். அதனை மீறி, சான்று மௌனம் காக்கும் இடத்தில் கல்கியும் ஓரளவு மௌனம் காத்தார். இது அவருடைய வரலாற்று நேர்மைக்குச் சான்று.

ஆயின் சான்று வெளிப்படையாகப் பேசும் இடமொன்றில் நாவல் மெல்லொலியாகிவிடுகிறது. கல்வெட்டின்படி கொலையாளிகள் ‘பிரமாதிராசன்’ என்னும் பட்டம் தாங்கியவர்கள். அது அரசு அளிக்கும் சிறப்புப்பெயர். அதனைத் தாங்கியோரை உயர் அலுவலர் எனக் கொள்வது பொருந்தும். அவருள் ஒருவரின் பட்டம் சோழரின் பெயரையே முன்னடையாகக் கொண்டது. ‘பஞ்சவன்’ என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல்லாதலின் மற்றவர்க்குப் பாண்டிநாட்டுத் தொடர்பைக் கருத இடமுண்டு. சோழர் பாண்டிநாட்டை வென்றதன் நினைவாக அமைந்த பட்டம் எனக் கொள்ளவும் இடமுண்டு. நாவலிலோ ரவிதாசனை வாசகர் அறிவது முதன்மையாக வீரபாண்டியனின் ஆபத்துதவியாக, ஆந்தைக் குரலெழுப்பும் மந்திரவாதியாக. அரசின் உள்ளிருந்து வந்த கேடு புறப்பகையின் பழிவாங்கலாக உருமாறுகிறது. இதே பட்டத்தின் மற்றொரு வடிவம் கதையில் நினைவில் நிற்பது அன்பில் அநிருத்தப் பிரமராயரோடு. அவரோ அரசுக்கு மிக உண்மையான முதலமைச்சர். பட்டம் விசுவாசியிடம் தங்கிவிட, துரோகியிடம் மந்திரக்கோல் மட்டும் எஞ்சுகிறது.

சோழப் பேரரசை ஒன்றுபட்ட பொற்காலமாகக் காட்ட விரும்பிய, விடுதலை பெற்ற மூன்றாம் ஆண்டில் எழுதத் தொடங்கிய ஒரு நாவலுக்கு இம்மாற்றம் தேவையாயிருந்தது எனலாம். சாதிப் பூசலைத் தவிர்க்கும் எண்ணமும் ஆசிரியர்க்கு இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே: நாவலை மட்டும் படித்தவர் பின்னாளில் கல்வெட்டைக் கேள்வியுறும்போது, தம்மிடம் ஏதோ மறைக்கப்பட்டதாக உணர்கிறார். அந்தச் சினம் இன்று சமூக ஊடகங்களில் கல்வெட்டைச் சாதி வசைக்குக் கருவியாக்கும் எழுத்துகளுக்கு எளிதில் இரையாகிறது. மூன்று கொலையாளிகளின் பட்டத்தைக் கொண்டு ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்கும் அவ்வெழுத்துகள், கல்வெட்டு பேசுவதைவிட மிகுதியாகவே பேசுகின்றன. கல்வெட்டையும் நாவலையும் ஒருங்கே படித்த மாணவர் இவ்விரு மிகைகளிலிருந்தும் தப்ப வாய்ப்புண்டு.

ஆகவே பதின்பருவத்தினர்க்குப் பொன்னியின் செல்வனைத் தவிர்க்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. முதல் நூலாக அதுவே தகும். நடையின் எளிமையோ வந்தியத்தேவனின் குறும்போ அதற்கு முதற்காரணம் ஆகா. நாவல் எழுந்த அடிப்படைச் சான்று சில பத்திகளுக்குள் அடங்குவது. பதினைந்து வயது மாணவரும் ஓர் அமர்வில் படித்து, கதையோடு ஒப்பிட்டு, எங்கே கல் முடிந்து கற்பனை தொடங்குகிறது எனக் கண்டுகொள்ள முடியும். தமிழ் வரலாற்று நாவல்களுள் இத்தனை சிறிய சான்றின்மேல் இத்தனை பெரிய மாளிகை எழுந்த வேறோர் எடுத்துக்காட்டு காண்பது அரிது. வந்தியத்தேவன்கூட இதற்கு உதவுவான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வல்லவரையர் வந்தியத்தேவர் இடம்பெறுகிறார். அங்கு உள்ளது பெயரும் உறவும் மட்டுமே. குதிரையும் குறும்பும் கல்கி அளித்தவை.

வெற்றியின் மறுபக்கம்

அகிலனின் வேங்கையின் மைந்தன் 1963ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இராசேந்திரனின் ஈழப் படையெடுப்பும் பாண்டியர் ஈழத்தில் அடைக்கலமாக வைத்த மணிமுடியை மீட்டலும் அதன் முதன்மை நிகழ்ச்சிகள். கொடும்பாளூர் இளங்கோவின் காதல் ஒருபுறம் சோழ இளவரசியிடமும் மறுபுறம் ஈழத்து ரோகிணியிடமும் செல்கிறது. தோற்ற நாட்டின் பெண்ணுக்குத் தன் நாட்டின்மேல் பற்று உண்டு என்பதை ஏற்றுக்கொண்டதனால், அக்கால வரலாற்று நாவல்கள் பலவற்றினும் இது ஒரு படி மேலானது.

இங்குச் சான்றின் குறை வேறு வகையது. சோழர் தரப்பில் மெய்க்கீர்த்தியின் வெற்றி முழக்கம். மறுதரப்பில் பாலி மொழியிலான சூளவம்சம். மணிமுடியோடு முடியாத ஒரு வரலாற்றைப் பின்னது சொல்கிறது. விகாரைகள் சூறையாடப்பட்டமையும் அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தமையும் அதில் பதிவாகியுள்ளன. சூளவம்சமும் நடுநிலையான நூலன்று. பௌத்தத் துறவியரின் நோக்கில் எழுந்தது. எனினும் ஒரே நிகழ்ச்சி இரு மொழிகளில் இருவேறு பொருள் கொள்வதை இளைய வாசகர் காண்பதற்கு இதைவிடப் பொருத்தமான இணை அமையாது. இந்நாவலைத் தனியே கொடுப்பதைவிடச் சூளவம்சத்தின் தொடர்புடைய இயலோடு சேர்த்துக் கொடுப்பது, ஈழத்துத் தமிழ் மாணவர்க்கும் தமிழகத்து மாணவர்க்கும் ஒருசேரப் பயன்படும். படையெடுப்பு என்பது வென்றவர் வீட்டில் காதற்கதையாகவும் தோற்றவர் வீட்டில் அழிவாகவும் நினைக்கப்படுவது அப்போது தானே விளங்கும்.

சாண்டில்யனைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. கடல் புறாவின் கடற்போர்க் காட்சிகள் இன்றும் விறுவிறுப்பு குன்றாதவை. பெண்ணுடல் வருணனையின் நீளமும் திரும்பத் திரும்ப வரும் தன்மையும் அவரைப் பதின்பருவ வாசகர்க்குப் பரிந்துரைக்கத் தயங்கச் செய்கின்றன. இத்தயக்கம் ஒழுக்கம் பற்றியது மட்டுமன்று. அவ்வருணனை நீளும் இடங்களில் கதைமாந்தர் காலத்தை இழந்து, எந்த நூற்றாண்டிற்கும் பொருந்தும் பதுமைகளாகிவிடுகின்றனர். சோழர் காலக் கடல்வாணிகத்தை அறிய விழைவோர்க்குச் சுமாத்திராவின் பாருசு அருகே கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு, கருணாகரத் தொண்டைமானின் வீரச்செயல்களைவிட மிகுதியான வியப்பைத் தரக்கூடும்.

நாட்குறிப்பிலிருந்து நாவல்

பிரபஞ்சனின் மானுடம் வெல்லும், அதன் தொடர்ச்சியான வானம் வசப்படும் ஆகியவற்றில் சிக்கல் தலைகீழானது. இரண்டாவது நூல் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சோழர் காலத்திற்குச் சான்று போதாது என்றால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக்கு அது பெருகிக் கிடக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதிகளாக விரிந்தது. விலைவாசி, கப்பல் வருகை, ஆளுநர் துய்ப்ளேயின் மனநிலை, அவர் மனைவியின் தலையீடு, 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டமை ஆகிய எல்லாம் அதில் உள்ளன.

இத்தனை மிகுதியிலும் ஒரு குறை உண்டு. எழுதியவர் துபாஷ், செல்வர், ஆட்சியாளரின் அருகில் நின்றவர். தம் மதிப்பு, தம் போட்டியாளர், தம் வணிகம் ஆகியவற்றின் வழியே அவர் ஊரைக் கண்டார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டோரும் தாசியரும் போரில் ஊர்விட்டு ஓடியோரும் அவர் பக்கங்களில் வந்துபோகின்றனர், தங்குவதில்லை. பிரபஞ்சன் அவ்வாறு வந்துபோகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசச் செய்கிறார். அரசரும் தளபதியரும் அவர் கதையில் உண்டு. ஆனால் அவர்களுடைய போரால் எவர் வயல் எரிந்தது என்பதையும் கதை கணக்கெடுக்கிறது. பிள்ளையின்மேல் நாவலுக்குள்ள மதிப்பு சில இடங்களில் நாட்குறிப்பின் சாய்வையும் உடன் கொண்டுவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாதிப் படிநிலை பற்றிய பிள்ளையின் பார்வையை இன்னும் கடுமையாக வினவியிருக்கலாம்.

இந்நூல்கள் வயது வந்தோர்க்கே உரியவை எனும் பொதுக்கருத்திற்கு வலுவான அடிப்படை இல்லை. பதினாறு, பதினேழு வயது வாசகர் இவற்றைப் படிக்கத் தடையாக நிற்பது பக்க அளவோ மொழியோ அன்று. தாசியர் வாழ்வு பற்றிய பகுதிகளுக்கு ஆசிரியர் அஞ்சுவதே மெய்யான தடை. அதே ஆசிரியர்கள் சாண்டில்யனை நூலகத்திலிருந்து எடுத்துச்செல்ல அனுமதிப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பகையின் ஆவணம்

காவல் கோட்டம் (2008), அஞ்ஞாடி (2012) ஆகிய இரண்டும் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியவை. முன்னது 2011இலும் பின்னது 2014இலும் சாகித்திய அகாதெமி விருது பெற்றன. மதுரையின் ஆறு நூற்றாண்டு வரலாற்றை, காவலும் களவும் ஒரே கைத்தொழிலின் இரு முகங்களாக இருந்த ஒரு சமூகத்தின் வழியே சு. வெங்கடேசன் சொல்கிறார். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை இடிக்கப்பட்டதும், ஊர்க்காவல் உரிமையைக் காவல்துறை எடுத்துக்கொண்டதும், முன்பு ஊரைக் காத்தோர் குற்றவாளிகளாக எழுதப்பட்டதும் நாவலின் பிற்பகுதி. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கு விரிவாக்கப்படுவதன் விளிம்பில் கதை நிற்கிறது. சட்டத்தின் விளைவைக் காட்டாமல் அதற்கு வழிவகுத்த நூற்றாண்டைக் காட்டியதே அதன் வலிமை.

இங்குச் சான்று மௌனமானதும் அன்று. ஒருகண் பார்வையுடையது என்று மட்டும் சொல்லவும் இயலாது. பதிவேடு, விசாரணை அறிக்கை, கைரேகை ஆகியவை அம்மக்களை அடக்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்தாமல் அவர்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டை எழுத இயலாது. அவற்றை நம்பியும் எழுத இயலாது. வெங்கடேசன் வாய்மொழி வழக்குகளையும் குலதெய்வக் கதைகளையும் எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறார். களவின் நுட்பத்தைப் போற்றும் பகுதிகளில் இந்த எதிர்ச்சாட்சி சில வேளை வீரவணக்கமாக வழுக்கிவிடுகிறது. கொள்ளை போன வீட்டின் பார்வை அங்கே போதிய அளவு கேட்கப்படவில்லை.

பூமணி இவ்வகையில் இன்னும் கடினமான பொருளைத் தேர்ந்தார். கழுகுமலையில் 1895இலும் சிவகாசியில் 1899இலும் நிகழ்ந்த கலவரங்களின் இரு தரப்பினரின் வழித்தோன்றல்களும் இன்று அதே ஊர்களில் வாழ்கின்றனர். பழைய வழக்கு ஆவணங்களைத் தேடிப் படித்து எழுதிய அவர், கதையின் சுமையைக் கலவரத்தில் முதன்மைப்பட்ட சாதியினரிடம் கொடுக்கவில்லை. ஓரத்தில் நின்ற வேறு சாதிகளின் நண்பர் இருவரிடமும் அவர்தம் தலைமுறைகளிடமும் கொடுத்தார். கலவரம் வந்து போகிறது. உழவும் வெளுப்பும் பஞ்சமும் பிள்ளைப்பேறும் தொடர்கின்றன. ஆவணம் அப்படியே புகும் இடங்களில் நாவல் வறண்டுவிடுவதாக விமரிசகர் குறை கூறியதுண்டு. அவ்வறட்சியைப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரெதிர்த் தரப்பினர் இருவரும் படிக்கத்தக்க நூலாக அது அமைந்ததற்கு, தீர்ப்பை ஆவணத்திடம் விட்டுவிட்டு வாழ்வை மட்டும் கதை எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம்.

வயது என்னும் அளவுகோல்

பொன்னியின் செல்வன் நிறைவுற்ற 1954ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ரோஸ்மேரி சட்கிளிஃப் இளையோர்க்கென எழுதிய ‘ஒன்பதாம் படையின் கழுகு’ என்னும் பொருள்படும் நாவல் வெளிவந்தது. பிரித்தானியாவில் மறைந்ததாகக் கருதப்பட்ட உரோமானியப் படையணி ஒன்று, சில்செஸ்டர் அகழாய்வில் கிடைத்த சிறகிழந்த வெண்கலக் கழுகு ஒன்று. இவ்விரு செய்திகளையும் முன்னுரையிலேயே சொல்லி, இவற்றிலிருந்து தம் கதை பிறந்தது என அவர் விளக்கிவிடுகிறார். அப்படையணி பின்னரும் இருந்தமைக்கான தடயங்கள் நெதர்லாந்தின் நைமேகனில் கிடைத்தன. அக்கழுகு படைச்சின்னம் அன்று என்றும் இன்று கருதப்படுகிறது. நாவல் அதனால் மதிப்பிழக்கவில்லை. தன் சான்றை முதலிலேயே வாசகர் கையில் கொடுத்துவிட்டதால், சான்று மாறியபோது வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணரவும் இல்லை.

கல்கியும் தொடரின் இறுதியில் வாசகர் வினாக்களுக்கு விடையாக ஒரு முடிவுரை எழுதினார். கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்பதை அது சொல்கிறது. நாவல் பல பதிப்பகங்களால் வெளியிடப்படும் இக்காலத்தில், அதனோடு உடையார்குடிக் கல்வெட்டின் பாடமும், திருவாலங்காட்டுச் செப்பேட்டின் தொடர்புடைய பகுதியும், சாஸ்திரியார், பண்டாரத்தார் கருத்துகளின் சுருக்கமும் பின்னிணைப்பாகச் சேர்வது பெருஞ்செயலன்று. பத்துப் பக்கங்களுக்கு மேல் அது வளராது.

மூன்று வகைச் சான்றுகளுக்கும் வாசிப்புப் பருவத்திற்கும் ஒரு தொடர்பு காண இயலும். ‘இது எங்கே சொல்லப்பட்டுள்ளது?’ என்னும் வினாவைப் பதினான்கு வயதில் கேட்கத் தொடங்கலாம். அதற்குப் பொன்னியின் செல்வன் போதும். ‘இதைச் சொன்னவர் யார்?’ என்பது அடுத்த வினா. வேங்கையின் மைந்தனும் பிரபஞ்சனும் அதற்குரியோர். ‘எதற்காக எழுதி வைத்தார்?’ என்னும் மூன்றாம் வினா பகைமையின் ஆவணத்தை எதிர்கொள்ளும் முதிர்ச்சியை வேண்டுவது. காவல் கோட்டமும் அஞ்ஞாடியும் பின்னர் வருவதற்கு இதுவே காரணம். அவற்றின் பருமன் அன்று. இம்மூன்றாம் வினாவிற்குச் சிறிய வாயில் வேண்டுவோர், 1876–78 பெரும்பஞ்சத்தின் பின்னணியில் சென்னை ஐஸ் ஹவுஸ் தொழிலாளரின் போராட்டத்தை ஓர் ஐரிஷ் அதிகாரியின் கண்வழிக் காட்டும் ஜெயமோகனின் வெள்ளை யானையைக் (2013) கொடுக்கலாம். ஆளும் தரப்பைச் சேர்ந்த ஒருவன் தன் அரசின் ஆவணங்களையே ஐயுறத் தொடங்குவது அதன் கதை. பள்ளி இறுதி வகுப்பு மாணவர் அதனைச் சில நாள்களில் படித்து முடித்துவிடலாம்.